வடக்குச் சுவரில் ஈரம்

குப்புறப் படுத்திருப்பவரோடு பேச வேண்டுமென்றால் தரையில்தான் உட்கார வேண்டும். ஆபரேஷன் முடிந்து அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்த முதல் நாளே குழாய்க்காரருக்கு இது தெரிந்துபோயிற்று. கட்டிலின் மேல் அவளுடைய முதுகும் நரைத்த பின்னந்தலையும்தான் இருந்தன. பேச்செல்லாம் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது.

தலைமாட்டில் ஒரு பலகையைப் பொருத்தி, முகம் நுழையும் அளவுக்கு அதில் வட்டமாக அறுத்து, விளிம்பைச் சுற்றி வெந்நீர்க் குழாய்க்குப் போர்த்துகிற கறுப்பு ஸ்பாஞ்சை ஒட்டியிருந்தார். நாற்பத்திரண்டு வருஷம் குழாய் வேலை பார்த்த கைக்கு அது அரைமணி நேர வேலை. இதே மாதிரி ஒன்றை ஆஸ்பத்திரியிலேயே வாடகைக்குத் தருவார்கள் என்று நர்ஸ் சொன்னாள். "வாடகைக்குக் குடுக்கிறதுன்னா உருப்படியா இருக்காது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவர் அப்படித்தான். மருந்துக் கடையில் மருந்தை எடுத்து வைத்தால், டாக்டர் சீட்டையும் அட்டைப் பெட்டியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நகர்வார். வரிசையில் பின்னால் நிற்கிறவர் உச்சுக் கொட்டினால் இன்னும் மெதுவாகப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவர் நம்பிய ஒரே ஆள் கண் டாக்டரம்மா. காரணம் இருந்தது. "கண்ணுக்குப் பின்பக்கம் ஒரு திரை இருக்கு. அது கிழிஞ்சு, சுவரை விட்டு உரிஞ்சு வந்துருச்சு. ஒட்ட வெச்சு, அதைத் தாங்கிப் பிடிக்க உள்ள ஒரு காத்துக் குமிழி விட்டிருக்கேன்" என்று அவள் சொன்னாள்.

"காத்து மேட்டுக்குத்தானே போகும்" என்றார் குழாய்க்காரர்.

"ஆமா. குப்புறப் படுத்தா கண்ணோட பின்பக்கம்தான் மேடு. குமிழி அங்க போய் அழுத்திக்கிட்டு நிக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தா இடம் மாறிரும்."

மாடிக் குழாயில் காற்று அடைத்துக்கொண்டு சொட்டுத் தண்ணீர் இறங்காமல் நிற்பதை ஆயிரம் வீட்டில் பார்த்தவர் அவர். டாக்டர்கள் சொன்னதிலேயே இது ஒன்றுதான் அவருக்கு விளங்கியது. பத்து நாள். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் எழுந்துகொள்ளலாம், அதுவும் குனிந்த தலையோடு. அக்காவின் இன்னொரு கண் எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே மங்கிப்போனது. ஆள் குறுக்கே போனால் நிழலாடுவது தெரியும், அவ்வளவுதான். மிச்சம் இருந்தது இந்த ஒரு கண். திரை ஒட்டினால் பார்வை உண்டு, ஒட்டாவிட்டால் இல்லை. இதில் நடுவில் ஒன்றும் கிடையாது.

அக்கா டெலிபோன் ஆபீஸில் முப்பது வருஷம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவள். பத்தாவது வரை படித்தவள். ஆபரேஷனுக்கு முந்தின நாளே, தெருமுனை வாடகைப் புத்தகக் கடையிலிருந்து ஒரு பேய்க்கதைப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து வாங்கி வைத்திருந்தாள். அட்டை கிழிந்து பெயர் போய்விட்டிருந்தது. நானூற்று அறுபது பக்கம்.

"பத்து நாளைக்குத் தாங்கும்" என்றாள்.

"யார் படிக்கிறது?"

"நீதான்."

"நான் அஞ்சாங்கிளாஸ். குழாய் சைஸும் கேரண்டி கார்டும்தான் படிப்பேன்."

"அதே மாதிரி இதையும் படி."

தூர ஊரிலிருந்த அவள் மகள், போனே கதை படித்துக் காட்டுகிற ஏதோ ஒன்றை அனுப்பிவைத்தாள். அக்கா பத்து நிமிஷம் கேட்டாள். "அணைச்சிரு. இவ மழைக்கும் கொலைக்கும் ஒரே குரல் வெச்சிருக்கா."

ஆகக் குழாய்க்காரர்தான் படித்தார். அவர் மனைவி போய் ஆறு வருஷம், அக்காவின் புருஷன் போய்ப் பதினோரு வருஷம். இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு வீடு என்று ஒன்றாக வந்தவர்கள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்குக் கீழே வைத்து ஆரம்பித்தார். தரையில் உட்கார்ந்தே உழைத்த முழங்கால்கள் இரண்டும் இப்போது உட்காருவதற்கே முனகின.

கதை இதுதான். ஒரு பெரிய வீடு. மலை உச்சியில், நாற்பது அறைகளோடு. சுவரெல்லாம் பழைய ஆட்களின் படங்கள். அந்தப் படங்களை அழுக்கு நீக்கித் துடைத்துக் கொடுக்க ஒரு பெண்ணை வேலைக்கு வைக்கிறார்கள். அவள் மூடுபனியில் வண்டியில் வந்து இறங்குகிறாள். இறங்குவதற்கே ஒன்பது பக்கம்.

"பனி பெஞ்சுதுன்னு சொன்னா பத்தாதா? எதுக்கு ஒன்றரைப் பக்கம்?"

"நீ படி."

"வண்டிக்காரன் கூலி வாங்காமத் திரும்பிப் போறான். பொய்."

"பயந்து போறான்டா."

"கூலியை விட்டுட்டுப் போற அளவுக்கு எவனும் பயந்ததை நான் பார்த்ததில்லை."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது போல. இரண்டு நாள் இப்படிப் போயிற்று. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்ணில் சொட்டு மருந்து, நடுவில் சூப், ரொட்டி, டீக்கு வளைகிற ஸ்ட்ரா. அதற்கு நடுவில் அந்த வீடு. அந்தப் பெண் ஒரு தாழ்வாரத்தில் நடந்தால் நடந்துகொண்டே இருந்தாள். ஒரு கதவின் பிடியில் கை வைத்தால், அது எவ்வளவு குளிர்ந்திருந்தது, எதன் உருவத்தில் வார்த்திருந்தது, எத்தனை கைகள் பட்டுத் தேய்ந்திருந்தது என்று முழுப் பக்கமும் ஓடி, கடைசியில் கதவு பூட்டியிருக்கும்.

மூன்றாம் நாள் குழாய்க்காரருக்கு அலுத்துப்போயிற்று. தூக்கம் வேறு சரியில்லை. அக்கா புரண்டுவிடுவாளோ என்று இரவெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தவர். அதனால் சுருக்கினார். மழையை விட்டார், காற்றை விட்டார், தாழ்வாரத்தை விட்டார். "அந்தப் பெண் மாடிக்குப் போனாள். கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு படம் இருந்தது." இப்படிப் போனதில் நூற்றிருபது பக்கம் ஒரே நாளில் ஓடிவிட்டது. நல்ல வேலை என்றுதான் நினைத்தார். அடைப்பை எடுத்துவிட்டால் தண்ணீர் போகத்தானே செய்யும்.

ஆனால் அன்றைக்குத்தான் அக்காவுக்கு நிலைகொள்ளவில்லை. கழுத்து வலிக்கிறது என்றாள். நெற்றி எரிகிறது என்றாள். பத்து நிமிஷத்துக்கு எழுந்தவள் கால்மணி ஆகியும் படுக்கவில்லை. "ஜன்னல் பக்கம் போகணும்டா. ஒரு தடவை நிமிர்ந்துக்கறேன், ஒரே ஒரு தடவை" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கெஞ்சினாள். அவர் அதட்டிப் படுக்க வைத்தார். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் காலையில் அவள்தான் கேட்டாள்.

"அவ மாடிக்கு எப்படிடா போனா?"

"ஏறித்தான் போனா."

"எப்படி ஏறினா?"

"காலால."

"டேய். முப்பது வருஷம் முகம் தெரியாதவங்க பேச்சைக் கேட்டவ நான். எங்க இழுக்கிறாங்க, எங்க முழுங்குறாங்கன்னு எனக்குத் தெரியும். எத்தனை பக்கம் முழுங்கின?"

குழாய்க்காரர் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். "ஒண்ணுமே நடக்கல அந்தப் பக்கத்துல எல்லாம். பேய் வருமா வராதா? வர்றதுன்னா வந்து தொலைக்க வேண்டியதுதானே."

"வந்தா முடிஞ்சு போச்சுடா."

"அதுக்குத்தானே படிக்கிறோம்?"

"இல்ல." ஓட்டையின் வழியாக அவள் மூக்கிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அவர் துணியால் துடைத்தார். "எனக்கு இருக்கிறது வெறும் பயம். அதுக்குச் சுவர் இல்ல, படி இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணை மூடினாலும் அதுதான், தொறந்தாலும் அதுதான். இதை எழுதினவன், பயத்துக்கு ஒரு வீடு கட்டிக் குடுத்திருக்கான். உள்ள போனா நடந்துக்கிட்டே இருக்கலாம். நீ என்னடான்னா வாசல்ல நுழைஞ்சதும் கொல்லைப்பக்கமா வெளிய தள்ளிவிடற."

அவருக்கு அது பாதிதான் விளங்கியது. ஆனாலும் தொண்ணூறாம் பக்கத்துக்குத் திரும்பினார். மழையை முழுக்கப் படித்தார். தாழ்வாரத்தை முழுக்க நடந்தார். அன்றைக்கு அக்கா மூன்று மணி நேரம் அசையவில்லை. சொட்டு மருந்து விடக்கூட அவர்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள்தான் அந்த ஈரம் வந்தது.

கதையில் வருகிற வீட்டின் வடக்குச் சுவரில் ஒரு பெரிய படம். அதை அந்தப் பெண் துடைப்பதற்காகக் கழற்றி இறக்குகிறாள். பின்னால் சுவரில் உள்ளங்கை அகலம் ஓர் ஈரக்கறை. மறுநாள் அது முழங்கை அகலம். அதற்கு மறுநாள் தோள் வந்துவிட்டது போல இருக்கிறது. சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் மட்டும்தான் அது வளர்கிறது. சுவரில் காதை வைத்தால் உள்ளே யாரோ மூச்சிழுப்பது கேட்கிறது. பன்னிரண்டு பக்கம் இப்படியே போகிறது. கட்டிலுக்கு அடியில் அக்கா மூச்சு விடுகிற சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

குழாய்க்காரர் விரலை வரியிலிருந்து எடுத்தார்.

"இது மேல் மாடிக் குளியலறை வடிகால்க்கா."

"என்னது?"

"சாயங்காலம் மட்டும் ஏன் வளருது? வீட்டுக்காரக் கிழவர் அந்த நேரம்தான் குளிக்கிறார். முன்னாடியே எழுதியிருக்கான், வெந்நீர் கொண்டுபோனாங்கன்னு. அழுக்குத்தண்ணி இறங்குற குழாய் வடக்குச் சுவருக்குள்ள வருது. இணைப்பு விட்டுப்போச்சு. தண்ணி இறங்கும்போது காத்தையும் சேர்த்து இழுக்கும், அதான் மூச்சுச் சத்தம். அந்தக் காலத்து ஈயக் குழாயா இருக்கும். சுவரை ரெண்டடி உடைச்சு, வளைவுல இருக்கிற ஒரு முட்டியை மாத்திட்டா அரைநாள் வேலை. பூச்சு காய ஒரு வாரம்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தப் புத்தகத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. எழுதினவனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது.

"படிக்கட்டுமா?" என்றார். "அப்புறம் பார்க்கலாம்" என்றாள் அக்கா.

மத்தியானம் சொட்டு மருந்து தீர்ந்துபோய் அவர் கடைக்குப் போனார். வழக்கம்போலச் சீட்டையும் பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பெட்டியில் ஓர் எழுத்து வித்தியாசமாக இருக்கவே கடைக்காரரோடு மல்லுக்கு நின்று, கடைக்காரர் கம்பெனிக்குப் போன் போட்டு, எல்லாம் சரிதான் என்று தெரிந்து வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறிக் கதவைத் திறந்தால், அக்கா ஜன்னலோரத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கண்ணும் மங்கின கண்ணுமாக வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரமா?"

"நீ போனதிலிருந்து."

"உனக்கு மூளை இருக்கா?" மருந்துப் பொட்டலத்தைக் கட்டிலில் எறிந்தார். "குமிழி இடம் மாறிடும்னு அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாளா இல்லையா? ஏன் எந்திரிச்ச?"

"படுத்துக்கிட்டு என்ன பண்றது?" அக்கா கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னாள். "அந்த வீட்டுல இருந்தேன். நேரம் போனதே தெரியல. நீ வந்து ரிப்பேர் பண்ணிட்ட. இப்ப அது குழாய் ஒழுகுற வீடு. அதுக்குள்ள இருந்து நான் என்ன செய்ய? திரும்ப இங்கதான் வந்தேன். இங்க என்னடா இருக்கு? பலகை, ஓட்டை, ஒரு தரைக்கல். அதையும் நாளைக்குப் பார்ப்பேனான்னு தெரியல."

குழாய்க்காரர் அவள் பின்னந்தலையில் கை வைத்துக் குனிய வைத்து, நடத்திக்கொண்டுவந்து படுக்கப் போட்டார். அவள் தடுக்கவில்லை. ஆனால் இன்னும் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்தது. உடைந்த குழாயை ஒட்டத் தெரியும். ஒட்டின குழாயைத் திரும்ப உடைப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு, "ஒண்ணு சொல்றேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார்.

"சொல்லு."

"எனக்கு இருபத்திநாலு வயசு. ஒரு வக்கீல் வீடு. இடிக்கிறதுக்கு முன்னாடி பழைய குழாயை எல்லாம் கழட்டி எடுத்துட்டு வான்னு மேஸ்திரி அனுப்பினார். இருபது வருஷமா யாரும் இல்லாத வீடு. தெருவுல இருந்து வர்ற இணைப்பையே எப்பவோ வெட்டி மூடிட்டாங்க. மொட்டை மாடித் தொட்டியில காக்கா கூடு கட்டியிருந்துச்சு. சொட்டுத் தண்ணி கிடையாது. கீழ் அறையில உட்கார்ந்து மரையைத் திருகிக்கிட்டிருக்கேன். சுவருக்குள்ள தண்ணி இறங்குது."

"எப்படி?"

"மேல யாரோ வாளியைக் கவுத்த மாதிரி. மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு இழுப்பு. என் கையில இருக்கிற குழாய் சில்லுனு ஆச்சு. கழட்டிப் பார்த்தேன். உள்ள துரு. தூசி."

இது வரைக்கும் நிஜம். அதற்குப் பிறகு நிஜத்தில் நடந்தது என்னவென்றால், அவர் ரெஞ்சை அங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடினார். அன்றைய கூலியைக்கூட வாங்கப் போகவில்லை. காய்ந்த குழாயில் தண்ணீர் சத்தம் கேட்டது என்று சொல்கிற குழாய்க்காரனை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? அதனால் வாயைத் திறக்காமல் ஐம்பது வருஷம் ஓட்டிவிட்டார். அடுத்த வாரம் வீட்டை இடித்துவிட்டார்கள். அவ்வளவுதான் கதை.

"அப்புறம்?" என்றாள் அக்கா.

அன்றைக்கு அவர் மாடி ஏறவில்லை. இப்போது ஏற வேண்டியிருந்தது.

"மேல போய்ப் பார்க்கலாம்னு எந்திரிச்சேன்" என்றார். அவருக்கே தன் குரல் புதிதாக இருந்தது. அவளுடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மரப்படி. முதல் படியில கால் வெச்சேன். ஓரத்துல வெச்சேன், நடுவுல வெச்சா உளுத்துப்போன பலகை உடையும். கைப்பிடியில தூசி. ஆனா ஒரு இடத்துல மட்டும் தூசி இல்ல."

"எந்த இடத்துல?"

"நாலாவது படிக்கு நேரா. அஞ்சு விரல் அகலம்."

அவள் கழுத்து நரம்பு தளர்ந்து முகம் ஸ்பாஞ்சுக்குள் அழுந்துவதைப் பார்த்தார். ஐந்தாவது படிக்கு வந்தார். மேலே போய்விட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டிவரும். அவருக்குத் தெரியாது. அதனால் ஐந்தாவது படியிலேயே நின்றார். அந்தப் படியில் சுண்ணாம்பு வாடை அடித்தது என்றார். மேலே ஒரு ஜன்னல் கதவு ஒரு தடவை தட்டி நின்றது என்றார். ஆறாவது படி சத்தமே போடவில்லை, அதுதான் தப்பாகப் பட்டது, மற்ற எல்லாப் படியும் சத்தம் போட்டதே என்றார். அப்போதுதான், அந்த நாற்பது அறை வீட்டின் கதவுப்பிடிக்கு எழுதினவன் எதற்காக முழுப் பக்கம் செலவழித்தான் என்பது அவருக்குப் பிடிபட்டது. அந்த ஆளும் யாரையோ எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

இருட்டும் வரை பதினோரு படி ஏறினார். பன்னிரண்டாவது படியில் அக்கா தூங்கிவிட்டாள். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மறுநாளிலிருந்து புத்தகத்தையே திரும்ப எடுத்தார். ஆனால் இப்போது அவர் முழுங்குவதில்லை, சேர்த்துக்கொண்டிருந்தார். எழுதினவன் தாழ்வாரத்தைச் சீக்கிரம் முடித்த இடத்தில் இவர் இன்னும் நாலு அடி நீட்டினார். அந்தப் பெண் வடிகால் குழாயைச் சுவருக்கு வெளியே தேடிப் பார்த்தாள், மூன்றடிக்கு ஒன்றாகக் கவ்விப்பிடிக்கிற கம்பிகள் இருந்தன, குழாய் இல்லவே இல்லை என்று ஒரு வரியை நுழைத்துவிட்டார்.

"இது புஸ்தகத்துல இல்ல" என்றாள் அக்கா.

"இருக்கு."

"வெளிச்சுவர்ல வர்ற குழாயைக் கவ்விப்பிடிக்கிற கம்பி மூணடிக்கு ஒண்ணு இருக்கணும்னு அவனுக்குத் தெரியுமா?"

"எழுதறவன். நாலு பேரைக் கேட்டு எழுதியிருப்பான்."

"நீ எப்ப இருந்து எழுதறவனை நம்ப ஆரம்பிச்ச?"

"படிக்கவா வேண்டாமா?"

"சரி, படி. அந்தக் கம்பியில ஒண்ணு வளைஞ்சிருந்துச்சுன்னு வெச்சுக்க."

அவள் சொன்னபடியே வைத்துக்கொண்டார். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று நாட்கள் போயின. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. கண்ணை மூடினால் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. ஆனால் அக்கா அந்த ஒரு மத்தியானத்துக்குப் பிறகு தலையைத் தூக்கவில்லை. அந்த ஒரு மத்தியானத்தைத்தான் அவரால் மறக்க முடியவில்லை.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்ஸியிலும் அக்கா மடியில் தலையணை வைத்துக் குனிந்தே வந்தாள். டாக்டரம்மா உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். குழாய்க்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். வழியில் படிக்கலாம் என்று புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மிச்சம் இருபது பக்கம். அக்கா இல்லாமல் அதைத் தனக்கென்று திறந்தது அதுதான் முதல் தடவை. விரலை வைத்து, உதட்டை அசைத்து, கடைசி அத்தியாயத்தைப் படித்தார்.

கடைசி அத்தியாயத்தில் ஒரு கொத்தனார் வருகிறான். வடக்குச் சுவரை உடைக்கிறான். உள்ளே ஈயக் குழாய். மேல் மாடிக் குளியலறையிலிருந்து வருவது. முட்டியில் உடைப்பு. கிழவர் குளிக்கும்போதெல்லாம் தண்ணீர் ஒழுகி, காற்றை இழுத்து, அந்தச் சத்தம். பேயும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டிக்கொண்டு வெயிலில் புறப்பட்டுப் போகிறாள்.

குழாய்க்காரர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். அவர் சொன்னதேதான். வார்த்தைக்கு வார்த்தை. ஒன்றே ஒன்று, பூச்சு காய எவ்வளவு நாள் என்று அவன் எழுதவில்லை. ஐந்தாங்கிளாஸ் படித்தவன் சொன்னது அச்சில் வந்திருக்கிறது. அக்கா வெளியே வந்ததும் முதல் வேலையாக இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று அந்தப் பக்கத்தின் முனையை மடித்து வைத்தார்.

டாக்டரம்மா வந்தாள். "முக்கால்வாசி நல்லா ஒட்டியிருக்கு. கீழ் ஓரத்துல மட்டும் கொஞ்சம் தூக்கியிருந்துச்சு. லேசர் வெச்சிருக்கேன். குமிழி இன்னும் இருக்கு. இன்னொரு அஞ்சு நாள் இதே மாதிரி படுக்கணும்."

"அஞ்சு நாள்ல ஒட்டிருமா?"

"படுத்தா ஒட்டும்னு நினைக்கிறேன். படுக்கலைன்னா ஓரத்துல ஆரம்பிச்சு மறுபடி முழுசும் உரிஞ்சு வந்துரும்."

"ஒரு நாள் ஒரு மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தா அப்படி ஓரம் தூக்குமா?"

அவள் அவரைப் பார்த்தாள். "தூக்கலாம். வேற காரணமாவும் இருக்கலாம்."

இது ஒரு பதிலா என்று மற்ற நேரமாக இருந்தால் கேட்டிருப்பார். கேட்கவில்லை. நிமிர்ந்தால் காற்று மேலே போகும், கீழ் ஓரம் பிடிமானம் இல்லாமல் நிற்கும். யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவைப் படுக்க வைத்தார். ஐந்து நாள் என்று கேட்டதிலிருந்தே அவளுக்கு எதுவும் பிடிக்கவில்லை. சூப் வேண்டாம் என்றாள். மகள் போன் செய்தபோது, "அப்புறம் பேசறேன்னு சொல்லு" என்றாள். அவள் கைகள் இரண்டும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தன. எழுந்துகொள்ளப் பார்க்கிற கைகள். பத்து நாள் தாங்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்தவளுக்குப் பதினோராவது நாளுக்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

"முடியலடா" என்றாள். "போதும்டா."

குழாய்க்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் இறங்கினார். காலை நீட்டினார். கண்ணாடியைத் துடைத்தார்.

"கதை முடியலையே இன்னும்" என்றார்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

கட்டிலுக்கு அடியிலிருந்து அவளால் தரையைத்தான் பார்க்க முடியும், அதையும் சரியாகப் பார்க்க முடியாது. "நெறைய" என்றார்.

முனை மடித்த பக்கத்தைத் திறந்தார். விரலை வரியில் வைத்தார். முட்டியில் உடைப்பு இருந்தது என்று அச்சில் கொட்டை எழுத்தில் கிடந்தது. அவர் வாழ்நாளில் அவரை ஒப்புக்கொண்டு யாரும் எழுதினதில்லை. அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொத்தனார் வடக்குச் சுவரை உடைத்தான்" என்று படித்தார். "உள்ளே ஓர் ஈயக் குழாய் இருந்தது. அதில் உடைப்பு இல்லை. அவன் கையை வைத்துப் பார்த்தான். காய்ந்திருந்தது."

சட்டத்தைப் பிடித்திருந்த கைகளில் ஒன்று தளர்ந்தது.

"காய்ஞ்சா இருந்துச்சு?"

"காய்ஞ்சுதான் இருந்துச்சு."

"நீ அன்னிக்கு என்னமோ வடிகால்னு சொன்ன."

"தப்பாச் சொல்லிட்டேன்."

அக்கா இதை யோசித்தாள். தன் தம்பி வாயிலிருந்து இந்த வார்த்தையை அவள் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். நம்பினாளா என்று சொல்ல முடியாது. காதுதான் அவளுக்குக் கூர்மையாயிற்றே. ஆனால் இன்னொரு கையும் சட்டத்தை விட்டது. முகம் ஸ்பாஞ்சுக்குள் மெல்ல இறங்கியது.

"அப்ப ஈரம் எங்கிருந்துடா வந்துச்சு?"

"அதைப் பார்க்கத்தான் அவ விளக்கை எடுத்துக்கிட்டு மேல போறா" என்றார் குழாய்க்காரர். ஒரு பக்கத்தைத் திருப்பினார், சத்தம் கேட்க வேண்டுமே என்று. "மரப்படி. முதல் படியின் விளிம்பு தேய்ந்திருந்தது. அவள் வலது காலை எடுத்து வைத்தாள்."